ஸ்கீ விடுமுறையா? முதலில் முழங்காலைக் கேளுங்கள்!

"இந்தத் தடவை லீவுக்கு சுவிட்சர்லாந்து! பனியில சறுக்கப் போறோம்!"

இந்தக் குரல் உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கலாம். பையன் ஜெர்மனியில் வேலையில் இருப்பான். அல்லது மருமகள் ஜூரிச்சில் படிப்பாள். "ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்" என்று அவர்கள் கூப்பிட, இங்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவோம். ஆசை யாரைத்தான் விட்டது?

என் சித்தி மகள் குடும்பமும் அப்படித்தான் போனது. வயது நாற்பத்திரண்டு. சுறுசுறுப்பானவள். ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் ஆறு நாள். நான்கு நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஐந்தாம் நாள் மாலை நாலு மணிக்கு, கால் இரண்டும் கெஞ்சுகிறது. ஆனால் வீட்டுக்காரர் சொல்கிறார்: "ஆறு நாளைக்கு லிஃப்ட் பாஸ் வாங்கியிருக்கோம். கடைசியா ஒரே ஒரு ரவுண்டு!"

அந்த ஒரு ரவுண்டில்தான் முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்தது. ஊர் திரும்பி ஆபரேஷன், ஊன்றுகோல், பிசியோதெரபி. ஸ்கூட்டரை மறுபடி தொட எட்டு மாதம் ஆயிற்று.

அதனால் "போகாதீர்கள்" என்று சொல்ல வரவில்லை. தாராளமாகப் போங்கள். ஆனால் என் கட்சி இதுதான்: ஸ்கீ விடுமுறையில் நம்மைக் கீழே தள்ளுவது பனியை விட, 'கொடுத்த காசுக்கு முழுசா அனுபவிக்கணும்' என்கிற நம் புத்திதான்! திட்டம் போடும்போதே இந்தப் புத்தியை வீட்டில் விட்டுவிட்டால், பாதி ஆபத்து கழிந்தது.

எந்த ஊர்?

ஆல்ப்ஸில் எத்தனையோ கிராமங்கள். புதிதாகப் போகிற குடும்பத்துக்கு நான் சொல்வது சுவிட்சர்லாந்தின் வெங்கன். கார் போகாத கிராமம். கீழே லாட்டர்புருன்னன் என்ற பள்ளத்தாக்கிலிருந்து பல்சக்கர ரயிலில் ஏற வேண்டும். 1893 முதல் ஓடும் ரயில் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கர ரயிலில் போனவர்களுக்கு அந்தச் சத்தமும் சாய்வும் பழகியதாகவே இருக்கும். நம் நீலகிரி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவைதான்!

மர வீடுகள், சரிந்த கூரை, கூரை மேல் பனி, கார் ஹார்ன் இல்லாத தெரு. குழந்தையைத் தைரியமாக நடக்க விடலாம். கற்றுக்குட்டிகளுக்கான சின்னச் சரிவு ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. சறுக்காதவர்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

உடம்புக்கு முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. வெங்கன் 1,274 மீட்டர் உயரம். ஏற்காட்டை விடத் தாழ்வு! அங்கிருந்து ரயிலில் ஏறும் கிளைன ஷைடெக் 2,061 மீட்டர், அதாவது ஊட்டியை விடச் சற்றுக் கீழே. ஊட்டி 2,240 மீட்டர். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொந்தரவு தரும். தாழ்வான ஊரில் படுத்து, பகலில் மேலே போய்வருவது உடம்புக்கு நல்லது.

ஆனால் எல்லோரும் போகிற யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. வந்து இறங்கிய மறுநாளே அங்கே ஓடாதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள். மேலே போய்த் தலை வலித்து, வயிற்றைப் புரட்டினால் போட்டோ போதும், அடுத்த ரயிலில் இறங்கிவிடுங்கள். இதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் புறப்படும் முன் டாக்டரிடம் இந்த உயரத்தை எண்ணாகவே சொல்லி யோசனை கேளுங்கள்.

எப்போது?

"மே மாசம் லீவுல போகலாமே?" என்பார்கள். வெங்கனில் ஏப்ரல் நடுவோடு ஸ்கீ சீசன் பெரும்பாலும் முடிந்துவிடும். ஜெர்மாட் ஊரின் பனியாற்றில் வருடம் முழுக்கச் சறுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது மிக உயரம். முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்ற இடம் அல்ல.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம். பொங்கல் லீவைச் சேர்த்துப் போகலாம் என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல். 1930-இல் தொடங்கிய லௌபர்ஹார்ன் பந்தயம் ஜனவரி நடுவில் வெங்கனில்தான் நடக்கும். சுமார் நாலரை கிலோமீட்டர் சரிவு, வீரர்கள் மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பறப்பார்கள். பார்க்கப் போவதென்றால் சரி. கற்றுக்கொள்ளப் போவதென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிப்ரவரியில் அங்கே பள்ளி விடுமுறைக் கூட்டம் வேறு. ஜனவரியின் கடைசி நாட்கள் கிடைத்தால் நல்லது. பிள்ளைகளின் பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள்.

டிக்கெட்டுக்கு முன் படிக்கட்டு

விமான டிக்கெட்டுக்கு ஆறு மாதம் முன்பே அலைகிறோம். காலுக்கு ஆறு வாரம் ஒதுக்குகிறோமா? சறுக்கும்போது பாதி உட்கார்ந்த நிலையிலேயே உடம்பு இருக்கும். முழுப் பாரமும் தொடையில். தொடைத் தசை சோர்ந்தால் பாரம் முழங்காலுக்குப் போகும்.

ஜிம் எதுவும் வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்வது போல் முப்பது விநாடி நில்லுங்கள். மெல்ல ஒரு நிமிடம் வரை கூட்டுங்கள். ஒற்றைக் காலில் நின்றபடி பல் தேயுங்கள். அடுக்குமாடி வீடா? லிஃப்டை மறந்து படியில் ஏறி இறங்குங்கள். மெதுவாக இறங்குவதுதான் இங்கே பெரிய பயிற்சி. வாரத்தில் நாலு நாள் போதும். பெண்களே, இது உங்களுக்கு இன்னும் முக்கியம். ஸ்கீயில் இந்தத் தசைநார் அறுவது ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். ஏற்கெனவே முழங்கால் வலி இருந்தால், டாக்டரைப் பார்த்த பிறகே பயிற்சி.

கடையில் பொய் வேண்டாம்!

ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாமே அங்கே வாடகைக்குக் கிடைக்கும். வாங்கி மூட்டை கட்டாதீர்கள். பூட்ஸையும் ஸ்கீ பலகையையும் இணைக்கும் பிடிக்கு 'பைண்டிங்' என்று பெயர். விழும்போது அது கழன்று கொள்ள வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், அனுபவம் இவற்றை வைத்துத்தான் கடைக்காரர் திருகி வைப்பார்.

அங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுவது! அம்மா கூச்சப்பட்டு எடையில் எட்டு கிலோ குறைத்துச் சொல்வார். பலகை தேவையில்லாத நேரத்தில் கழன்று, ஆளைத் தள்ளும். அப்பா மீசையை முறுக்கி "எனக்கு நல்லா வரும்" என்பார். பிடி இறுகி, கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலைத் திருகும். டாக்டரிடமும் ஸ்கீ கடையிலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நம் எடை தெரிந்தால் கடைக்காரர் நம் ஊருக்கா வந்து சொல்லப் போகிறார்?

பூட்ஸுக்குள் ஒரே ஒரு மெல்லிய, நீளமான சாக்ஸ். குளிருக்குப் பயந்து மூன்று சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு, கால் இன்னும் சில்லிட்டுப் போகும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்து குளிரும். துப்பட்டா, நீள மஃப்ளர், தொங்கும் பின்னல் எல்லாவற்றையும் ஜாக்கெட்டுக்குள் செருகுங்கள். லிஃப்டில் மாட்டினால் ஆபத்து.

மாமா வாத்தியார் ஆகமாட்டார்

"நான் ரெண்டு தடவை போயிருக்கேன், நானே சொல்லித் தர்றேன்" என்று ஒரு மாமா கிளம்புவார். கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். முறையான பயிற்சியாளரிடம் குறைந்தது மூன்று நாள். ஜாக்கெட்டில் மிச்சம் பிடித்தாவது இதில் செலவழியுங்கள்.

நிற்பதும் விழுவதும்தான் முதல் பாடம். பலகைகளின் முன் நுனியை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, கூரை மாதிரி வைத்தால் வேகம் குறையும். விழுந்துவிட்டால், முழுவதும் நிற்கும் வரை எழுந்திருக்க முயலாதீர்கள். சறுக்கிக்கொண்டே எழ முயன்றால் முழங்கால் மாட்டிக் கொள்ளும். விழும்போது கையிலுள்ள கம்பை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே விழுந்தால் கட்டைவிரல் தசைநார் போகும்.

அங்கே சரிவுகளுக்கு நிறம் உண்டு. நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நீங்கள் நீலத்தோடு நில்லுங்கள். மேலிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அதற்காக வளைவில், மேட்டுக்குப் பின்னால் மறைவாக நிற்காதீர்கள். குறியிட்ட பாதையைத் தாண்டாதீர்கள், அந்தப் பக்கம் பனிச்சரிவு காத்திருக்கலாம்.

பனியிலும் வெயில் உண்டு

"நம்ம தோலுக்கு எதுக்கு சன் ஸ்கிரீன்?" என்று கேட்காதீர்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். மூக்கின் அடிப்பக்கம், தாடையின் கீழ் கூடத் தடவ வேண்டும். கண்ணாடி இல்லாமல் சுற்றினால் பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல் எரியும். நிழல் கண்ணாடி குழந்தைக்கும் அவசியம்.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உடம்பு நீரை இழந்துகொண்டேதான் இருக்கும். வெந்நீர் ஃபிளாஸ்க் கூடவே இருக்கட்டும். "குளிருக்கு ஒரு பெக்" என்பது சுத்தப் பொய். மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்சூட்டை வெளியேற்றும். நடை தடுமாறுவது தனி. சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், பையில் இருந்தால் உறைந்துவிடலாம். பாக்கெட்டில் நாலு கடலை மிட்டாய் இருக்கட்டும்.

பாலிசியைப் படியுங்கள்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அது இருக்கிறது, போதும் என்று இருந்துவிடாதீர்கள். பல பாலிசிகளில் ஸ்கீ விபத்து சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் அந்த பில்லைப் பார்த்தே நெஞ்சு வலி வரும். "ஸ்கீ உண்டா? மலை மீட்பு உண்டா?" என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே ஆம்புலன்ஸுக்கு 144, மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. செல்போனில் போட்டு வையுங்கள்.

சறுக்காதவர் குற்றவாளி அல்ல

இதுதான் எனக்கு மிகவும் முக்கியம். ஆறு பேர் போனால் இரண்டு பேருக்குச் சறுக்கப் பிடிக்காது. பாட்டிக்கு முடியாது. கர்ப்பிணிக்குக் கூடாது. அவர்களை "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்து பலகையில் ஏற்றாதீர்கள். அதற்காக ஓட்டல் அறையில் டி.வி. முன் உட்கார வைக்கவும் வேண்டாம். வெங்கனுக்கு மேலே மென்லிஹன் வரை கேபிள் கார் போகிறது. அங்கிருந்து கிளைன ஷைடெக் வரை, பனிக்காலத்திலும் நடப்பதற்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள். எதிரே ஐகர் சிகரம். வழுக்காத ஷூவும் ஒரு கைத்தடியும் இருந்தால், நடை நன்றாக உள்ளவர்கள் போய்வரலாம். முடியாதவர்கள் அந்த வெயிலில் உட்கார்ந்து சூடாக ஒரு கப் சாக்லெட் குடித்தாலே போதும், பயணம் பலித்தது!

ஆக, ஆறு நாளில் நாலு நாள் மட்டும் சறுக்குங்கள். நடுவே ஒரு நாள் முழு ஓய்வு. கடைசி நாள் ஊரைச் சுற்றுங்கள். மாலை மூன்று மணியோடு பலகையைக் கழற்றிவிடுங்கள். "இவ்வளவு செலவு பண்ணிட்டு சும்மா உட்காரவா வந்தோம்?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். அப்போது என் சித்தி மகளின் பதிலைச் சொல்லுங்கள். ஊன்றுகோலோடு படி ஏறிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்: "அக்கா, அந்த ஒரு ரவுண்டு லிஃப்ட் பாஸ்ல மிச்சம் இருந்தா என்ன நஷ்டம்? என் கால் மிச்சம் ஆகியிருக்கும்."

டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். இன்று மாலையே படிக்கட்டில் நாலு மாடி ஏறி, மெதுவாக இறங்குங்கள். முழங்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.