ஐந்து பேர், மூன்று நாள், ஒரு தூக்குச்சட்டி

கோடை லீவில் குடும்பத்தோடு ஊருக்குப் போனால் பர்ஸைக் காலி செய்வது ரயிலும் இல்லை, ரூமும் இல்லை. வயிறுதான்! நம்பாதவர்கள் என்னோடு கூட்டிப் பாருங்கள். நான், மனைவி, இரண்டு வாண்டுகள், அம்மா. ஐந்து பேர், மூன்று வேளை, மூன்று நாள். மொத்தம் 45 சாப்பாடு. தலைக்கு 120 ரூபாய் என்று வைத்தாலே 5,400. நடுவில் வருகிற காபி, பஜ்ஜி, வேகவைத்த சோளமெல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

பி.காம். படித்த ஜென்மம் சும்மா இருக்குமா? கொடைக்கானல் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே 40 பக்க நோட்டு ஒன்றில் திட்டம் தீட்டிவிட்டேன்.

திட்டம் ஒன்று, தூக்குச்சட்டி. ராத்திரி ரயிலுக்கும் மறுநாள் காலைக்கும் இட்லி. இரண்டு பக்கமும் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிவிட்டால் கெடாது. (தேங்காய்ச் சட்னி மட்டும் கூடவே கூடாது. விடிவதற்குள் ஊசிப்போகும்.) மத்தியானத்துக்குப் புளியோதரை. ஆக, அத்தனை சாப்பாடும் அவுட்!

திட்டம் இரண்டு, தண்ணீர். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சட்டமே நம் கட்சி! வீட்டிலிருந்து ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். ரயிலில் தாகமெடுத்தால் ரயில் நீர். லிட்டர் 15 ரூபாயாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 14. அந்த ஒரு ரூபாயையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

திட்டம் மூன்று, பில். சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைக் கட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி தனியாக நைசாக உட்கார்ந்திருந்தால், அது நீங்களாக மனமுவந்து கொடுப்பது. கட்டாயமில்லை என்று 2022-லேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. தைரியமாக எடுக்கச் சொல்லலாம்.

திட்டம் நான்கு, பார்சல் சாப்பாடு. உட்கார்ந்து சாப்பிட்டால் ஒருவருக்கு ஒன்று. பார்சலில் கட்டும் சோறு, பெரும்பாலான ஓட்டல்களில் இரண்டு பேருக்குக் காணும். மூன்று பார்சல் வாங்கி ரூமுக்குக் கொண்டுபோனால் ஐந்து வயிறு நிறையும்.

எல்லாம் கனகச்சிதமாக நடந்தது. அதிலும் அம்மா நல்ல ஒத்துழைப்பு. எந்த ஓட்டலில் நுழைந்தாலும், "எனக்குப் பசியே இல்லப்பா. நீங்க சாப்பிடுங்க. எனக்கு ஒரு காபி போதும்." நானும் நோட்டில் எழுதினேன்: 'அம்மா, பசி இல்லை, மிச்சம் 120.'

இரண்டாம் நாள் சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். கூடவே வந்த அம்மா திடீரென்று என் தோளைப் பிடித்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். அந்தக் குளிரில் வியர்வை! சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வெறும் காபியோடு நிறுத்தியிருக்கிறாள். டீக்கடைக்காரர் ஓடிவந்து, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு டீ கொடுத்தார். கால் மணியில் முகம் தெளிந்தது. காசு நீட்டினால் வாங்கவில்லை. "முதல்ல அம்மாவைக் கூட்டிப்போய் சாப்பிட வைங்க சார்" என்றார்.

மனைவி அதுவரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தாள்.

"ரெண்டு நாளா அத்தை சரியாவே சாப்பிடல. நீங்க ஒவ்வொரு பில்லையும் ரெண்டு தடவை கூட்டிப் பார்க்கிறதைப் பார்த்தா, யாருக்குங்க பசிக்கும்?"

பதில் சொல்ல வரவில்லை. சின்ன வயதில் அப்பாவோடு பழனிக்குப் போனதெல்லாம் ஞாபகம் வந்தது. அப்போதும் ஓட்டலில் அம்மாவுக்குப் பசித்ததே இல்லை. 'அம்மா சாப்பாட்டுப் பிரியை இல்லை' என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்பாவின் கணக்கிலும் சரி, என் கணக்கிலும் சரி, மிச்சம் என்று விழுந்த தொகையெல்லாம் ஒரே கணக்கிலிருந்துதான் போயிருக்கிறது!

அதனால் வாசக நண்பர்களே, திட்டம் ஒன்றிலிருந்து நான்கு வரை தாராளமாகக் கடைப்பிடியுங்கள். ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். யாராவது 'பசி இல்லை' என்று சொன்னால் நம்பாதீர்கள். கேட்காமலே ஆர்டர் கொடுங்கள்.

அன்று ராத்திரி நல்ல ஓட்டலாகப் பார்த்து நுழைந்தோம். அம்மாவுக்கு மசால் தோசை சொன்னேன்.

"எவ்வளவுப்பா?" என்று மெனு கார்டை எட்டிப் பார்த்தாள். விலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இருபது ரூபாதாம்மா" என்றேன்.

தோசை வந்தது. நிதானமாக, கடைசி விள்ளல் வரை சாப்பிட்டாள். தட்டைத் துடைத்தமாதிரி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இருபது ரூபாதானே? அப்ப இன்னொண்ணு சொல்லு."