கால் போனால் கூலியும் போகும்!

"சர்க்கரை வியாதி பணக்காரன் வியாதி. உட்கார்ந்து தின்பவனுக்குத்தான் வரும், பாடுபடுகிறவனை அண்டாது" என்று ஒரு பேச்சு நம் மக்களிடையே நெடுங்காலமாக உலவி வருகிறது. இது உண்மையா? இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023ம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 14 பேருக்கு மேல். இத்தனை பேரும் பங்களாவாசிகளா? மில் கேட்டிலும் நடவு வயலிலும் நிற்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லையா?

இந்த நோயின் பெரிய ஆபத்து, ஆரம்பத்தில் அது ஒரு கஷ்டமும் கொடுக்காமலிருப்பதுதான். காய்ச்சல் அடிப்பதில்லை, வலிப்பதில்லை. ஆகவே, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை அந்த நேரத்தில் சும்மா இருப்பதில்லை. வருஷக்கணக்கில் ரத்தக் குழாய்களின் உட்சுவரை அது கெடுத்துக்கொண்டே வருகிறது. முதலில் சேதமடைபவை மயிரிழையை விட மெல்லிய குழாய்கள். அவை கண்ணிலும், சிறுநீரகத்திலும், நரம்புகளைச் சுற்றியும் இருக்கின்றன. இதயம், மூளை, கால் ஆகியவற்றுக்குப் போகும் பெரிய குழாய்களும் அடைபடத் தொடங்குகின்றன.

காலை எடுத்துக்கொள்வோம். நரம்பு கெட்டால் பாதம் எரியும், மதமதக்கும். பிறகு உணர்ச்சியே போய்விடும். வயலில் முள் தைக்கும், மில்லில் ஆணி குத்தும், தெரியாது. செருப்பு கடித்துப் புண்ணாகும், வலிக்காது. வலிக்காத புண்ணுக்கு யார் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? அதற்குள் சீழ் எலும்பு வரை இறங்கிவிடுகிறது. ரத்த ஓட்டமும் குறைந்துவிட்டதால் புண் ஆறுவதில்லை. கடைசியில் விரலை எடுக்கிறார்கள், பாதத்தை எடுக்கிறார்கள், முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவனுக்கும், சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவளுக்கும் கால் போனால் மிஞ்சுவது என்ன?

கண்ணும் இப்படித்தான். விழித்திரையின் சிறு குழாய்கள் கசியும், உடையும். பார்வை மங்கும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். முன்கூட்டிக் கண்டுகொண்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். சிறுநீரகம் கெடுவதற்கு முதல் அடையாளம் சிறுநீரில் புரதம் கலப்பது. இது கண்ணுக்குத் தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும். முற்றினால் டயாலிசிஸ். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம். அன்றாடக் கூலிக்காரன் இதற்கு எங்கே போவான்? மேலும், மாரடைப்புகூடச் சர்க்கரைக்காரருக்கு நெஞ்சுவலி இல்லாமல் வரலாம். காச நோயும் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக அவரைப் பற்றும்.

இதெல்லாம் தலைவிதியா? இல்லவே இல்லை. பிரிட்டனில் 5,000க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 1998ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் கேடு நாலில் ஒரு பங்கு குறைந்தது. ரத்த அழுத்தத்தையும் அடக்கியவர்களுக்குப் பலன் இன்னும் கூடியது. இதற்கு வேண்டிய முதல் மாத்திரைகள் விலை மலிந்தவையே.

நாம் செய்ய வேண்டியது என்ன? சௌகரியமாக இருக்கிறது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். இரவு படுக்கும் முன் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டிலுள்ளவர்கள் பார்க்கட்டும். சேற்றில் செருப்புப் போட முடியாது. ஆகவே கரையேறியதும் காலைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். பிளேடால் ஆணிக்காலைச் சீவாதீர்கள். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். பீடியை விடுங்கள், அது கால் ரத்தக் குழாயை மேலும் அடைக்கிறது.

ஆனால் பொறுப்பு முழுவதையும் நோயாளியின் தலையில் கட்டிவிட முடியாது. 2021ல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் காலைத் தொட்டுப் பார்ப்பதும், விழித்திரையைச் சோதிப்பதும் மாத்திரைப் பொட்டலத்தோடு வந்துவிடாது. மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது, விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் நாளில் அவருக்குக் கூலி கிடையாது. கூலியை இழக்க முடியாததால் காலை இழக்கிறார்!

ஆகவே நாம் கோருகிறோம்: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது கால், கண், சிறுநீர்ச் சோதனை நடக்க வேண்டும். சோதனை நாளுக்குக் கூலி இழப்பு கூடாது. மரத்த காலுக்கான எம்.சி.ஆர். செருப்பு இலவசமாகக் கிடைக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவருக்கு ஷிப்டில் வேளைக்குச் சாப்பிட நேரம் வேண்டும். காலில் புண்ணுள்ளவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும். நோயைக் காரணம் காட்டி எவரையும் வெளியேற்றக் கூடாது.

போனஸுக்கும் கூலிக்கும் குரல் கொடுக்கும் சங்கங்கள் இதையும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். உழைப்பவனின் முதல் சொத்து அவன் உடம்பு. அதைக் காப்பதும் சங்கத்தின் வேலையே!