வெளிப்பக்கம் திறக்கும் கதவு

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரே பெரிய கட்டடம் இருக்காது. கரிசல் காட்டில் இடைவெளி விட்டு விட்டுச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். ஓர் அறையில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. இன்னொரு விதியும் உண்டு. அறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும்.

கதவு எந்தப் பக்கம் திறந்தால் என்ன என்று தோன்றலாம். நிலாவுக்குக் கிளம்பிய அமெரிக்கா, இதைத் தெரிந்துகொள்ள மூன்று உயிர்களைக் கொடுத்தது.

1967 ஜனவரி 27. ஃபுளோரிடா ஏவுதளத்தில் அப்போலோ விண்கலத்துக்குள் கஸ் கிரிஸ்ஸம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி மூவரும் விண்வெளி உடையோடு படுத்திருந்தார்கள். அன்று பறக்கப் போவதில்லை, வெறும் ஒத்திகைதான். கீழே நின்ற ராக்கெட்டில் எரிபொருளே நிரப்பவில்லை. அதனாலேயே அதை ஆபத்தான சோதனை என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் கலத்துக்குள் நிரப்பியிருந்தது சுத்தமான ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில். அந்தச் சூழலில் சாதாரண நைலான் வலைகூட மத்தாப்பு மாதிரி எரியும். மாலை 6.31 மணிக்கு உள்ளேயிருந்து ‘தீ’ என்று குரல் வந்தது. 20 விநாடிக்குள் குரல் நின்றுபோனது.

உள்கதவு உள்பக்கமாகத் திறக்கும் வகை. தீயால் உள்ளே அழுத்தம் ஏற ஏற, அது கதவைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திவிட்டது. எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. சாதாரண நேரத்திலேயே திறக்க ஒன்றரை நிமிடம் பிடிக்கும் கதவு அது. வெளியிலிருந்தவர்கள் புகையில் மூச்சுத் திணறியபடி திறந்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. மூவரும் இறந்திருந்தார்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. 1961-ல் இதே கிரிஸ்ஸம் லிபர்ட்டி பெல் 7 கலத்தில் விண்வெளியைத் தொட்டுவிட்டுக் கடலில் இறங்கினார். சிறு வெடிமருந்தால் தெறித்துத் திறக்கும் அதன் கதவு, நேரத்துக்கு முன்பே தெறித்துவிட்டது. கலம் மூழ்கியது, அவர் நீந்திப் பிழைத்தார். ஆறு வருடம் கழித்து அதே மனிதர் திறக்காத கதவுக்குப் பின்னால் சிக்கினார்.

அதன்பிறகு 20 மாதங்கள் அப்போலோவில் யாரும் பறக்கவில்லை. வெளிப்பக்கமாகச் சில விநாடிகளில் திறக்கும் புதிய கதவு வந்தது. தரையில் இருக்கும்போது ஆக்சிஜனோடு நைட்ரஜன் கலந்தார்கள். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் குழு நிலவுக்குப் போய்த் திரும்பிய கலத்தில் இருந்தது அந்தப் புதிய கதவுதான்.

நம் நாட்டின் ராக்கெட் கதையும் அமெரிக்கத் துணையோடு தொடங்கியதுதான். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டான நைக் அப்பாச்சி, நாசா கொடுத்தது. அதன் பாகங்களைப் பொருத்துவதும் பாதுகாப்பும் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாமின் பொறுப்பு. கடைசி நேரத்தில் கிரேனில் எண்ணெய் கசிய, ஆட்களே கைகொடுத்து ராக்கெட்டை ஏவுமேடையில் ஏற்றினார்கள். அதற்குள் இருந்தது திட எரிபொருள். பட்டாசுக்காரர்கள் பாஷையில் சொன்னால், அதுவும் ‘மருந்து’தான். நல்லவேளை, அன்று எதுவும் தவறவில்லை.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று அப்படி அமையவில்லை. ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் திரும்பத் திரும்பப் பேசப்படுபவை சில உண்டு: ஓர் அறையில் அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள், அறையை விட்டு மரத்தடியில் வேலை, உள்குத்தகை. தீபாவளி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் கதவோரம் சரக்கையும் அடுக்கிவிட்டால், கதவு எந்தப் பக்கம் திறந்தும் பயனில்லை. கிரிஸ்ஸம் குழுவுக்குக் கிடைத்த அந்தச் சில விநாடிகள்கூட, மருந்து பற்றிக்கொண்ட அறைக்குள் கிடைக்காது.