முதியோர் குடியிருப்பு: நிறையும் குறையும்

முதியோர் இல்லம் என்பது வேறு. முதியோர் குடியிருப்பு என்பது வேறு. முன்னது, ஆதரவற்றோர்க்கு அறத்தின்பாற்பட்டு அமைவது. பின்னது, கையில் பொருளும் உடலில் ஓரளவு நலமும் உடையோர் தாமே விரும்பி, விலைக்கோ குத்தகைக்கோ வீடு பெற்றுத் தம் வயதினரோடு கூடி வாழ அமைவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, 'பிள்ளைகள் கைவிட்டனர் போலும்' என இரங்குவோர் உளர். 'இனி இதுவே வாழ்க்கை முறை' எனப் புகழ்வோரும் உளர். இரு சாராரும் சீர்தூக்காமலே தீர்ப்புரைக்கின்றனர்.

இத்தகைய ஊர்களுக்குப் பெரும் முன்மாதிரியாக அமைந்தது அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்திலுள்ள சன் சிட்டி. பீனிக்ஸ் நகரை அடுத்திருந்த பருத்தி நிலத்தில் டெல் வெப் என்னும் கட்டடத் தொழிலதிபரின் நிறுவனம் எழுப்பிய இவ்வூர், 1960 சனவரி முதல் நாளன்று திறக்கப்பட்டது. கடைகள், பொழுதுபோக்கு மன்றம், கோல்ஃப் திடல் ஆகியவற்றை முதலிலேயே அமைத்துக் காட்டி வீடுகளை விற்றனர். திறப்பையொட்டிய மூன்று நாள்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வந்து பார்த்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 40,000.

அதன் நிறைகளை மறுத்தற்கில்லை. ஓய்வு பெற்றவர் திண்ணையில் அமர்ந்து நாளெண்ணும் நிலையை அவ்வூர் மாற்றியது. கைவினைக் கூடங்களும் நீச்சல் குளங்களும் இசைக் குழுக்களும் அவர்தம் பொழுதுக்குப் பயன் தந்தன. மருத்துவமனை 1970இல் ஊருக்குள்ளேயே வந்தது. தெருக்காவல் முதல் நோயாளரை அழைத்துச் செல்வது வரை பல பணிகளை முதியோரே ஊதியமின்றி ஏற்றனர். துணையை இழந்தவர்க்கு, அதே இழப்பை அறிந்த அண்டை வீட்டார் கிடைத்தனர். இது சிறிய பேறன்று.

குறையும் அந்நிறையினின்றே பிறந்தது. 19 வயது நிரம்பாதோர் அங்கு விருந்தினராக வரலாமேயன்றி நிலையாகக் குடியிருத்தல் இயலாது. குறைந்தது 80 விழுக்காடு வீடுகளில் 55 வயது நிரம்பிய ஒருவரேனும் வாழ்தல் முதலிய விதிகளை நிறைவேற்றும் குடியிருப்புகள் குழந்தையுள்ள குடும்பங்களை ஏற்க மறுக்கலாம் என அந்நாட்டுச் சட்டமே இடமளிக்கிறது. விளைவு யாது? அண்டைப் பகுதிப் பள்ளிகளுக்குக் கட்டட நிதி திரட்ட மக்களிடம் வாக்கெடுப்பு நிகழ்ந்தபோதெல்லாம் சன் சிட்டியினர் திரளாகச் சென்று எதிர்த்து வாக்களித்தனர். ஓய்வூதியத்தில் வாழ்வோர்க்கு வரி சுமை என்பது அவர்தம் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் திட்டங்கள் பலமுறை தோற்றன. இறுதியில் 1970களில் சன் சிட்டி அப்பள்ளி மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டது. குழந்தையின் குரல் கேளாத தெருவில் வாழ்வோர்க்குக் குழந்தையின் பள்ளி அயலாகிவிட்டது. அவர்கள் கொடியவர் அல்லர். சூழல் அவ்வாறு பழக்கிற்று.

இன்று இம்முறை நம் மண்ணிலும் வேரூன்றியுள்ளது. கோவையைச் சுற்றி இத்தகைய குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. காரணம் வெளிப்படை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயது கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடி, மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு. தமிழகத்திலோ அவ்விழுக்காடு 10ஐத் தாண்டியது. மகன் துபாயிலும் மகள் சிங்கப்பூரிலும் இருக்க, எட்டு அறை வீட்டில் இருவர் மட்டும் வாழும் தெருக்கள் நம் சமுதாய ஊர்களில் எத்தனை! இரவில் நெஞ்சு வலித்தால் கதவைத் திறக்கவும் ஆளில்லை. பொதுச் சமையலறையும் அழைத்தவுடன் வரும் செவிலியரும் அவர்க்கு ஆடம்பரமல்ல, பாதுகாப்பு.

பெற்றோரைப் பேணுதல் பிள்ளையின் கடமை எனச் சமயங்கள் யாவும் கூறும். 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நாட்டின் சட்டக் கடமையாகவும் ஆக்கிற்று. மாதந்தோறும் பணம் அனுப்புவதாலோ குடியிருப்பில் இடம் வாங்கித் தருவதாலோ அக்கடமை முற்றுப்பெறாது. அதே வேளையில், ஆளற்ற பெரிய வீட்டைக் கூட்டுக்குடும்பம் என அழைத்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதும் தகாது.

குடியேற விழைவோர் கேட்டறிய வேண்டியவை சில உள. மாதக் கட்டணம் எவ்வளவு, எவ்வாறு உயரும்? படுக்கையில் விழுந்தபின் அங்கேயே பேணுவரா, வெளியேறச் சொல்வரா? ஒருவர் மறைந்தபின் துணைவர்க்கு உரிமை என்ன? நடுவண் அரசு 2019இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கென மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. எனினும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தலே முதற்காப்பு. அறுபதில் நடந்து புகுவோர் எண்பத்தைந்தில் எவ்வாறு இருப்பர் என்பதை இருபாலாரும் எண்ணியே கையெழுத்திடல் வேண்டும்.

ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவியோர்க்குப் பிசிராந்தையார் விடையளித்ததைப் புறநானூற்றின் 191ஆம் பாடலில் மாணவர் பயில்கின்றனர். மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என அவர் அடுக்குவது ஒரு வயதினரின் கூட்டத்தையன்று. பல நிலையினரும் பல பருவத்தினரும் கலந்த வாழ்வையே அவர் தம் இளமைக்குக் காரணமாகக் காட்டுகிறார். வேலிக்குள் வசதி அனைத்தையும் வைத்த நவீன ஊர் மறந்தது இக்கலப்பையே.

ஆகவே முதியோர் குடியிருப்பு வேண்டும். வயதால் எழுப்பிய மதில் வேண்டா. நம் ஜமாஅத்தார்களும் அறக்கட்டளைகளும் முதியோர்க்கென மனை தேடுங்கால், ஊருக்கு வெளியே மலிவான நிலத்தை நாடாது, பள்ளிக்கூடத்தின் அருகே ஓரிடம் காண்பாராக. ஓய்வு பெற்ற ஆசிரியர் மாலையில் கணக்குச் சொல்லித் தரட்டும். கல்லூரி மாணவர் அவர்க்கு நாளிதழ் படித்துக் காட்டட்டும். இருவருள் எவர் கொடுப்பவர், எவர் பெறுபவர் என்று பிரித்தறிய இயலாத இடமே முதுமைக்கு ஏற்ற ஊராகும்.