"விமானியின் தவறு" எண்டு முடிச்சா போதுமா?

சீனன்குடாப் பக்கம் ஒரு விமானம் விழுந்தா எங்களுக்கு முதல்ல வாறது வீடியோ. பின்னால "விமானியின் தவறாம்" எண்டு ஒரு வரி. அதோட நாங்க அடுத்த கதைக்குப் போயிடுவம்.

2020 டிசம்பர் 15இல் சீனன்குடாவில் இருந்து கிளம்பின விமானப்படையின் பி.ரி.-6 பயிற்சி விமானம் கந்தளாய்ப் பகுதியில் விழுந்து பயிற்சி விமானி ஒருவர் இறந்தார். 2023 ஓகஸ்ட் 7இல் அதே வகை விமானம், மேலே ஏறின சில நிமிடத்திலேயே சீனன்குடாவில் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். இவை படை விமானங்கள்தான். ஆனா சுற்றுலாப் பயணிகளோட வாற தனியார் சிறு விமானங்களும் இதே ஓடுபாதையிலதான் இறங்குது. அதால அந்த விமானங்களைப் பற்றியும் நாங்க கேட்கவேணும்.

உலகம் முழுக்கச் சிறு விமானங்கள் அதிகமாக விபத்துக்குள்ளாகிறது தரையிறங்கும்போதுதான். காரணங்கள் பெரிய மர்மம் இல்ல. வேகம் கூடினா சில்லு நிலத்தில பட்டதும் விமானம் துள்ளும். குறைஞ்சா இறக்கை தூக்குவிசையை இழக்கும். ஓடுபாதைக்கு நேரா வர கடைசியாத் திரும்புற இடத்தில அது நடந்தா, நிமிர்த்தி எடுக்க உயரம் இருக்காது. சீனன்குடா ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காக் கிடக்கு. வாடைக்கும் கச்சானுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனா காற்று எப்பவும் அந்தக் கோட்டிலேயே வீசாது. பக்கக் காற்று அடிச்சா, பாரம் குறைஞ்ச விமானத்தை அது இலேசாத் தள்ளிப்போடும்.

சரியா வராட்டி மேலே ஏறி ஒரு சுற்று சுற்றி மறுபடி வரலாம். விமானிகளுக்கு இதைப் பழக்குறாங்க. அப்ப ஒருத்தர் ஏன் ஏறாம இறங்கப் பார்த்தார்? நேரம் பிந்தினதா, எண்ணெய் குறைவா, பயிற்சி போதாதா, எஞ்சின் ஏற்கனவே பிழை காட்டினதா? "விமானியின் தவறு" எண்டு சொன்ன உடனே இந்தக் கேள்விகள் எல்லாம் செத்துப்போகுது.

இறந்தவரைக் கிளறக்கூடாது எண்டு சிலர் சொல்றாங்க. அந்தக் கவலை நியாயம்தான். ஆனா சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆவது இணைப்பு, விசாரணையின் நோக்கம் பழி சுமத்துறது இல்ல, அடுத்த விபத்தைத் தடுக்கிறது எண்டுதான் சொல்லுது. இறுதி அறிக்கையை வெளியிடவும் சொல்லுது. படை விமானங்களுக்கு இந்த விதி பொருந்தாது. அதுக்காக அந்த வானத்துக்குக் கீழ இருக்கிற சனத்துக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை எண்டு ஆகாது.

நாங்க இரகசியம் கேட்கல. சிவில் விபத்தெண்டா முழு அறிக்கை, படை விபத்தெண்டா காரணத்தின் சுருக்கமாவது, எங்கட அம்மா அப்பாவும் வாசிக்கக்கூடிய தமிழில வேணும். என்ன நடந்தது, எதை மாற்றினீங்க எண்டு ரெண்டு பக்கத்தில சொன்னாலே போதும். அதுவரைக்கும் அந்த வீடியோவை ஃபோவேர்ட் பண்ணாம இருப்பம். இறந்தவங்கட வீட்டிலயும் ஃபோன் இருக்கு.