பழி பன்றிக்கு, பாவம் யாருக்கு?

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலில் பெருமாள் பன்றி முகத்தோடு, இடுப்பில் கை வைத்துக் கம்பீரமாக நிற்கிறார். பூமியையே மீட்டவர் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். வெளியே வந்ததும் தெருவில் நிஜப் பன்றியைக் கண்டால் அதே கை கல்லெடுக்கிறது!

2009-ல் எச்1என்1 வந்தபோது "பன்றிக்காய்ச்சல்" என்று பெயர் வைத்தார்கள். அந்த வைரஸின் மரபணுக்கள் பன்றி வழி வந்தவை என்பது உண்மைதான். ஆனால் உலகம் முழுக்கப் பரப்பியது மனிதனின் இருமலும் தும்மலும். எகிப்து அரசு சுமார் மூன்று லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. நோய் நின்றதா? இல்லை. பன்றிகள் தின்று தீர்த்த குப்பைதான் கெய்ரோ தெருக்களில் மலையாய்க் குவிந்தது.

பன்றியை உண்மையிலேயே கொல்லும் நோய் வேறு. அது ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல். 1921-ல் கென்யாவில் பதிவான இந்த வைரஸ் 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசத்துக்கு வந்தது. 2022-ல் வயநாடு. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன. கடும் தொற்றில் பட்டியில் உள்ள பன்றிகள் அத்தனையும் சாகலாம். மருந்து கிடையாது. மனிதனுக்கு இது தொற்றவே தொற்றாது!

அசாமிலிருந்து வயநாட்டுக்குப் பன்றி நடந்தா வரும்? இவ்வளவு தூரத்தை இந்த நோய் தாண்டுவது லாரியில், செருப்பில், இறைச்சியில், வேகவைக்காமல் போடும் ஓட்டல் எச்சிலில். அத்தனையும் மனிதன் வேலை.

ஆனால் இரண்டு நோய்க்கும் ஒரே பெயர். செய்தி வந்த மறுநாளே இறைச்சி விற்பனை படுத்துவிடும். ஒரு பண்ணையில் நோய் வந்தால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள நோயில்லாத பன்றிகளையும் கொல்ல வேண்டும். அது நியாயமான விதிதான். ஆனால் இழப்பீடு தாமதமானால் ஏழை வளர்ப்பவர் என்ன செய்வார்? நோயை மறைப்பார், கிடைத்த விலைக்கு விற்பார். நோய் அடுத்த ஊருக்குப் போகும். அப்போதும் திட்டு அவருக்குத்தான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. எச்சிலைக் கொதிக்க வைத்துப் போடச் சொல்லுங்கள். கொன்ற பன்றிக்குக் காசை உடனே கொடுங்கள். மனிதக் காய்ச்சலுக்குப் பன்றியின் பெயரை வைப்பதை நிறுத்துங்கள்.

கோயிலுக்குள் வராகத்தைக் கும்பிடும் ஊர், வெளியே பன்றி வளர்ப்பவரை மனிதராக மதித்தால் போதும். பாதி நோய் அங்கேயே நிற்கும்.