திறவாத பெட்டி

விளையாட்டுப் பொம்மையைப் பற்றி எழுதுவதற்கு ஒரு கல்லூரி ஆசிரியருக்கு வேறு பொருள் கிட்டவில்லையோ என்று வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். அந்நகைப்பை ஏற்றுக்கொண்டே இவ்வாரம் எழுதத் துணிகின்றேன். நான் மதிப்பிடப் புகும் பொம்மை சிறுவர்க்கென ஆக்கப்பட்டதன்று. நாற்பது வயதைக் கடந்தவர்கள் விலை கொடுத்து வாங்கி, கண்ணாடி அலுமாரியில் வைத்துக் காப்பது. அது ஏன் அவ்வாறாயிற்று என்பதில் நாம் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி ஒன்று உண்டு.

என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த தோழர் ஒருவர், 1980களின் இறுதியில் பெற்றோருடன் கனடா சென்றவர், சென்ற விடுமுறைக்கு வந்து எம் இல்லத்தில் நான்கு நாட்கள் தங்கினார். அவருடைய பயணப் பையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் இருந்தது ஒரே பொம்மைதான். ஒன்று திறந்தது, மற்றது 2011ஆம் ஆண்டில் வாங்கிய நாள் முதல் ஒட்டுநாடா அறுக்கப்படாதது. திறந்த பெட்டியை என் மகனிடம் கொடுத்தார். திறவாத பெட்டியைத் தம் கையாலன்றிப் பிறர் கையால் தொடவும் விட்டாரில்லை.

பொம்மையின் பெயர் ஒப்ரிமஸ் பிறைம். டிரான்ஸ்போமர்ஸ் என்னும் கதையில் நல்லோர் அணிக்குத் தலைமை தாங்கும் யந்திர வீரன் இவனே. யப்பான் தேசத்தில் இவனுக்குக் கொன்வோய் என்று பெயர். அந்நாட்டின் தக்காரா ரோமி நிறுவனம் 'மாஸ்ரர்பீஸ்' என்ற வரிசையில் பத்தாவது எண்ணிட்டு 2011இல் வெளியிட்ட உருவத்தையே இங்கு மதிப்பிடுகின்றேன்.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கையில் வருவது ஒரு லொறி. தட்டையான முகப்பு, சிவப்பு நிற முன்னறை, நீலநிறப் பின்புறம், வெள்ளி போல் மினுங்கும் இரண்டு புகைக்குழாய்கள், ஆறு சக்கரங்கள். இதற்குப் பின்னால் பூட்டி இழுப்பதற்குச் சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட பெட்டி வண்டியும் உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் ஒரு காலத்தில் ஓடிய பாரலொறியின் சாயல் அப்படியே அமைந்திருக்கின்றது. மேசையில் வைத்து உருட்டினால் உருள்கின்றது. இதனுள் ஒரு மனித வடிவம் மறைந்திருக்கின்றது என்று சொன்னால், அறியாதவர் எவரும் நம்பமாட்டார்.

இனி உருமாற்றத்தைக் கூறுவேன். பின்புறத்தை இழுத்து நீட்டினால் அது இரண்டு கால்களாகப் பிரிகின்றது. முன்னறையின் பக்கங்கள் விரிந்து கைகளாகின்றன. முன்கைகளுக்குள் ஒளிந்திருந்த முட்டிகள் வெளிவருகின்றன. ஓட்டுநர் முன்னால் இருக்கும் கண்ணாடிகள் மார்பாகின்றன. புகைக்குழாய்கள் புயங்களின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. ஈற்றில், உள்ளே மடிந்து கிடந்த நீலத் தலை மேலெழுகின்றது. ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரத்தில் வீரன் ஒருவன் நம்முன் நிற்கின்றான். ஒரு துண்டும் கழற்றப்படவில்லை. ஒரு துண்டும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. லொறியாக இருந்ததே ஆளாக நிற்கின்றது. 1984இல் வந்த பழைய பொம்மையில் முட்டிகள் தனித் துண்டுகளாக இருந்தன. அவற்றைத் தொலைத்துவிட்டுத் தேடிய சிறுவர் பலர். அக்குறை இதில் நீங்கியிருக்கின்றது.

மார்பைத் திறந்தால் உள்ளே தலைமைத்துவத்தின் சின்னமாகிய ஒரு சிறு பேழை இருக்கின்றது. அதனை வெளியே எடுக்கலாம். கைத்துப்பாக்கியை மடித்து முதுகிலே மறைக்கலாம். செம்மஞ்சள் நிறக் கோடரி ஒன்றைக் கையிற் பொருத்தலாம். பெட்டி வண்டியைத் திறந்தால் அது ஒரு பாசறையாக விரிகின்றது. அதற்குள் ரோலர் என்னும் சிறிய ஆறு சக்கர வண்டியும் உண்டு. முழங்கால், முழங்கை, இடுப்பு, விரல் யாவும் அசைவதால், எண்ணிய கோலத்தில் நிறுத்தி வைக்கலாம்.

குறைகளையும் மறைத்தல் தகாது. புகைக்குழாய்கள் மெல்லியவை, கவனமின்றித் திருப்பினால் முறியும் என்ற அச்சம் கடைசிவரை நீங்குவதில்லை. லொறியாக மடிக்கும்போது தகடுகள் ஒன்றோடொன்று சரியாக இணையாவிட்டால் முன்னறை சற்றே வாய் பிளந்து நிற்கும். 2003இல் இவ்வரிசையில் முதலாவதாக வந்த உருவம் இதனிலும் பெரியது; உலோகம் மிகுந்தது; கையில் எடுத்தால் கனம் தெரியும். அக்கனத்தை விரும்பியவர்க்கு இது ஒரு படி தாழ்வாகத் தோன்றலாம். ஆனால் கதையில் வரும் ஏனைய கார் வீரர்களைப் பக்கத்தில் நிறுத்தினால் அளவு பொருந்தவேண்டும் என்பதற்காகவே இதனைச் சிறிதாக்கினர். அது நல்ல தீர்மானம் என்பதே என் கருத்து. முதன்முறை உருமாற்ற எனக்கு அரைமணி நேரம் சென்றது. என் மகனுக்குப் பத்து நிமிடம்.

இவ்வளவும் பொம்மையின் உடலைப் பற்றிய விமரிசனம். இதன் உயிர் எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

தக்காரா நிறுவனம் 1980இல் டயக்குளோன் என்ற பெயரில் ஒரு பொம்மை வரிசையைத் தொடங்கிற்று. 1982 முதல் அவ்வரிசையில் உருமாறும் கார்கள் வந்தன. இன்று நாம் காணும் இந்த லொறி வீரனும் அதிற்றான் பிறந்தான். ஆனால் அப்பொழுது அவன் வீரன் அல்லன், வெறும் யந்திரம். மூன்று சென்ரிமீற்றர் உயரமுள்ள, பாதத்தில் காந்தம் பதித்த சின்னஞ்சிறு ஓட்டுநர் பொம்மை உள்ளே அமர்ந்து அவனைச் செலுத்துவதாகவே கதை. அமெரிக்க நிறுவனமாகிய ஹாஸ்புரோ அவ்வச்சுகளை உரிமை பெற்று வாங்கி, 1984இல் டிரான்ஸ்போமர்ஸ் என்ற புதுப் பெயரில் விற்கத் தொடங்கியது. அப்போது மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்து எழுத்தாளர்களிடம் கதையும் பெயர்களும் கேட்கப்பட்டன. ஒப்ரிமஸ் பிறைம் என்ற பெயரைச் சூட்டியவர் டெனிஸ் ஓநீல். ஏனைய பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் வகுத்தவர் பொப் புடியான்ஸ்கி. ஓட்டுநர் பொம்மை நீக்கப்பட்டது. யந்திரமே உயிருள்ளதாக, நினைப்பதாக, வருந்துவதாக ஆக்கப்பட்டது.

பிளாஸ்ரிக்கில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஒரு பெயரும் ஒரு குணமும் கிடைத்தவுடன் யந்திரம் தலைவனாயிற்று. தொலைக்காட்சித் தொடரில் அவனுக்குக் குரல் கொடுத்தவர், கனடாவில் பிறந்த பீற்றர் கலன். வியற்னாம் போரிற் பங்குகொண்ட தம் தமையனாரின் பண்பையே அக்குரலுக்கு முன்மாதிரியாகக் கொண்டதாக அவர் பலமுறை கூறியிருக்கின்றார். மென்மையாக இருப்பதற்கும் வலிமை வேண்டும் என்பதே தமையனார் அவருக்குச் சொல்லியனுப்பிய அறிவுரையின் சாரம். வேலைக்குச் சென்று களைத்து வரும் தந்தையரின் பிள்ளைகள் பலர், அமைதியான அக்குரலில் ஒரு தந்தையைக் கேட்டிருக்கின்றனர்.

1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இக்கதை திரைப்படமாக வெளிவந்தது. புதிய பொம்மைகள் கடைக்கு வரவிருந்தமையால், பழைய பாத்திரங்களை அகற்றவேண்டும் என்று வியாபாரிகள் கருதினர். ஆகவே படத்தின் முற்பகுதியிலேயே ஒப்ரிமஸ் பிறைமை இறக்கவிட்டனர். அவர்களுக்கு அது பட்டியலில் ஒரு வரியை அடிப்பது போன்றதே. ஆனால் அரங்குகளில் இருந்த சிறுவர்கள் அழுதனர். தலைவனை மீண்டும் உயிர்ப்பித்தாலன்றி மனக்குறை தீராது என்பதை உணர்ந்து, 1987இல் தொலைக்காட்சித் தொடரில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே நிறுவனம் தயாரித்துக்கொண்டிருந்த மற்றொரு படத்திலும் ஒரு வீரன் இறப்பதாக இருந்த காட்சி மாற்றப்பட்டது. பொம்மை விற்றவர்களுக்குத் தாம் விற்றது என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

அன்று அழுத சிறுவர்கள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய காலத்தில் எழுந்ததே மாஸ்ரர்பீஸ் வரிசை. கடையில் விற்ற பழைய பொம்மையை அன்றித் தாம் திரையிற் கண்ட தலைவனையே கையிற் பெறவேண்டும் என்ற ஏக்கத்துக்கு இவ்வுருவம் விடையளிக்கின்றது.

எம் வீட்டுக்கு வந்த திறவாத பெட்டிக்குத் திரும்புவோம். மூன்றாம் நாள் மாலை, என் மகன் அதைச் சுட்டிக் கேட்டான்:

"மாமா, அதற்குள் இருப்பதும் இதேதானே? ஏன் திறக்கவில்லை?"

"திறந்தால் விலை குறைந்துவிடும், தம்பி."

"அப்படியானால் விற்கப் போகின்றீர்களா?"

"இல்லை. விற்கமாட்டேன்."

"விற்கவும் மாட்டீர்கள், விளையாடவும் மாட்டீர்கள் என்றால் உள்ளே இருப்பவன் என்ன செய்வான்?"

தோழர் சிரித்தார், விடை கூறவில்லை. அன்றிரவு முற்றத்தில் இருந்தபோது என்னிடம் பேசினார். கனடா சென்ற புதிதில் அவருடைய தந்தையார் பகலில் ஓரிடத்திலும் இரவில் வேறோரிடத்திலும் வேலை செய்தாராம். பாடசாலையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் இந்த லொறி இருந்ததாம். இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பார்த்தாராம்.

"அப்பாவிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எப்பாடுபட்டாவது வாங்கித் தந்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை," என்றார். தந்தையார் 2010இல் காலமானார். அடுத்த ஆண்டே தோழர் இதனை வாங்கினார். கண்ணாடிக்குள் இருந்தது இப்போது பெட்டிக்குள் இருந்தது; அவ்வளவே வேறுபாடு.

சேகரிப்போரை நான் இகழவில்லை. தபால்தலை சேர்ப்பவரும் பழைய நாணயம் சேர்ப்பவரும் செய்வதையே இவர்களும் செய்கின்றனர். ஆனால் தபால்தலை பார்ப்பதற்குரியது. உருமாறும் பொம்மையோ கைபட்டாலன்றிப் பாதிப் பொருளே. உருமாறாமல் உறங்கும் உருமாறியை என்னவென்று அழைப்பது?

வாங்க எண்ணும் பெற்றோருக்குச் சில சொற்கள். இது பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே ஆக்கப்பட்டது. சிறு துண்டுகள் உண்டு. மடிப்பு முறை கடினமானது. சின்னஞ்சிறாருக்கு இதே வீரனின் எளிய உருவங்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அவையே போதும். அசலைப் போன்ற போலிகளும் மிகுதி. மூட்டுத் தளர்வும் நிற வேறுபாடும் போலியைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். விலை மலிவாக இருப்பின் இருமுறை சிந்தியுங்கள். யாவற்றிலும் முக்கியமாக, வாங்கினால் திறவுங்கள்.

புறப்படும் நாட்காலையில் தோழர் என் மகனை அழைத்து, சிறு கத்தி ஒன்று கொண்டுவரச் சொன்னார். ஒட்டுநாடாவைத் தாமே அறுத்தார். விளக்கத் தாளை எடுத்து ஒருபுறம் வைத்துவிட்டு, லொறியைத் தரையில் நிறுத்தி, நாற்பது வயதைக் கடந்த அம்மனிதர் முழந்தாளிட்டு அதனை முன்னும் பின்னுமாக உருட்டினார். பக்கத்தில் என் மகன் மற்றதை உருட்டினான். விமான நிலையத்துக்குச் செல்லும் வாகனம் வாசலில் வந்து இருமுறை ஒலி எழுப்பிற்று. நான் சென்று சிறிது நேரம் பொறுக்கும்படி சாரதியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.